நின்றபடி போகும் ரோலர் கோஸ்டர்: முழங்காலில் செல் துண்டோடு ஏறலாமா?

அண்ணை, ரொறன்ரோவில் தங்கச்சி வீட்டுக்குப் போனால் மருமகன் நின்றபடி ஓடும் ரோலர் கோஸ்டரில் ஏற்றுவானாம், முழங்காலில் பழைய செல் (எறிகணை) துண்டு கிடக்கிறது, ஏறலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

அங்கே கனடாஸ் வொண்டர்லாண்ட் கேளிக்கைப் பூங்காவில் 1985 முதல் ஓடிய, ஸ்கைரைடர் என்ற நின்றபடி போகும் கோஸ்டரை 2014 இலேயே நிறுத்திவிட்டார்கள். மருமகன் சும்மா வெருட்டுகிறார், இல்லாவிட்டால் புளோரிடாவில் 2023 இல் திறந்த பைப்லைன் என்ற நின்றபடி போகும் கோஸ்டரைச் சொல்கிறார்.

பழையவற்றில் கால்களுக்கு நடுவே உள்ள ஒடுக்கமான சீற்றை உங்கள் உயரத்துக்குப் பூட்டிவிடுவார்கள், பைப்லைனில் அது ஓட்டத்தோடு மேலும் கீழும் அசையும், எதுவானாலும் தண்டவாளம் பள்ளத்தில் இறங்கித் திரும்ப மேலே ஏறுகிற இடத்தில் உடம்பின் பாரம் பல மடங்காகிக் காலில்தான் வந்து விழும். லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு மெசின்) பெட்டியில் நின்றுகொண்டு கிரவல் றோட்டில் போகும்போது பள்ளம் வந்தால் முழங்காலை மடித்துச் சமாளிப்போமே, அதே வேலைதான். உங்களுக்கு அதுவே நோகுமென்றால் இது சரிவராது.

நானென்றால் எக்ஸ்ரேயை எலும்பு டொக்டரிடம் காட்டாமல் ஏறமாட்டேன். வொண்டர்லாண்டில் லெவியாதன் என்ற கோஸ்டர் இருக்கிறது, 93 மீற்றர் உயரம், ஆனால் இருந்துகொண்டு போவது. அதையும் அவரிடமே கேட்டுவிடுங்கள்.