மோட்டார் இல்லாத பாதையில் ஃபிரெஞ்சுக் கிராமங்கள்: வாசகர் கேள்வி – பதில்

லுவார் ஆற்றங்கரைச் சைக்கிள் பாதையில் மோட்டார் வண்டித் தொல்லையே இருக்காது என்று நம்பித் திட்டம் போட்டேன். வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் பல இடங்களில் ஊர்ச்சாலை மேலேயே போகிறதே, ஏன்?

ஃபிரான்ஸில் இரண்டு வகைப் பாதைகள் உண்டு. 'வுவா வெர்த்' என்பது மோட்டார் வண்டிக்குத் தடை செய்யப்பட்ட பசுமைப் பாதை. அதன் தொடக்கத்தில் நீலச் சதுரப் பலகை இருக்கும். அதில் நடப்பவரையும் சைக்கிள்காரரையும் வரைந்திருப்பார்கள். 'வெலோரூட்' என்பது சைக்கிளுக்கென்று குறிபோட்ட நெடுந்தூர வழி. அது பசுமைப் பாதை, கரைச்சாலை, வண்டி அதிகம் வராத கிராமச் சாலை எல்லாவற்றையும் கோத்துக்கொண்டு போகும். சுமார் 900 கி.மீ. நீளமுள்ள லுவார் வழி இந்த இரண்டாம் வகை. அழகில் குறையில்லை; ஆனால் டிராக்டரும் காரும் அவ்வப்போது வரும்.

வண்டியே வேண்டாம் என்பவர்கள் வழியின் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அந்தத் தடம் முன்பு என்னவாக இருந்தது என்று பாருங்கள். கைவிடப்பட்ட ரயில் தடம், அல்லது குதிரைகள் படகை இழுத்துச் சென்ற கால்வாய்க்கரை என்றால் நீண்ட தூரம் தடையில்லாமல் கிடைக்கும். இந்த இரண்டிலும் ஏற்றமும் குறைவு. பழைய ரயில் தடத்தில் சரிவு 3 சதவீதத்தைத் தாண்டுவது அபூர்வம்.

நாங்கள் கணவன் மனைவி இருவர், ஐம்பதைத் தாண்டியவர்கள். தினமும் 40, 45 கி.மீ. ஓட்ட முடியும். ஒரு வாரம் கைவசம் இருக்கிறது. முதல் பயணத்துக்கு எது நல்லது?

தயங்காமல் போர்தோவிலிருந்து துலூஸ் வரை போங்கள். சுமார் 270 கி.மீ., ஆறு நாளுக்குச் சரியாக இருக்கும். நகரத்துக்கு வெளியே தொடங்கும் ரொஜே லாபெபி பாதை, சோவ்தேர்-த-குயியென் ஊர்வரை பழைய ரயில் தடத்தின் மேல் போகிறது. 1937இல் தூர் த ஃபிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்றவரின் பெயர் அதற்கு. அதன்பிறகு கால்வாயை அடையும்வரை சிறிய சாலைகளில் மேடும் பள்ளமுமாக ஓட்ட வேண்டும். இந்தப் பயணத்தில் கார்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டிய முக்கியமான துண்டு அதுதான். ஆகவே அதைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

பிறகு வருவது கரோன் கால்வாய். நீளம் 193 கி.மீ., கரையெல்லாம் தார். அழென் நகரில் கால்வாயே 23 வளைவுகள் கொண்ட 539 மீட்டர் கல்பாலத்தின் மேல் ஏறி ஆற்றைக் கடக்கிறது. பக்கத்திலேயே நீங்களும் கடக்கலாம். மொய்சாக்கில் மடத்துத் தேவாலயம் இருக்கிறது. அங்கே இரவு தங்கும்படி நாள்களைப் பிரித்தால் மாலையில் பார்க்க நேரம் கிடைக்கும்.

மேற்கிலிருந்து கிழக்காகப் போவதற்குக் காரணம் காற்று. அட்லாண்டிக் பக்கமிருந்து வீசும் காற்று பெரும்பாலும் முதுகில் படும். எதிர்த்திசையில் போனால் அதே 45 கி.மீ. 60 போலக் களைப்பைத் தரும்.

ஒரு எச்சரிக்கை: பாதை பாலத்தடியில் இறங்கி ஏறும் இடங்களில் வளைவு குறுகலாகவும், எதிரே வருபவர் கண்ணில் படாமலும் இருக்கும். அங்கே மணி அடித்து, வேகத்தைக் குறைத்து, தண்ணீர் ஓரத்தை விட்டுத் தள்ளிப் போங்கள்.

அப்படியே துலூஸிலிருந்து தொடர்ந்து 'மிதி' (Canal du Midi) கால்வாய் வழியாகக் கடல்வரை போகலாம் என்கிறார்கள். என்னிடம் 28 மி.மீ. டயர் போட்ட சைக்கிள் இருக்கிறது. தாங்குமா?

துலூஸிலிருந்து நோரூஸ் மேடு வரை, அதாவது சுமார் 50 கி.மீ., தாங்கும். அதற்கப்பால் அந்த டயரோடு போக வேண்டாம்.

பியேர்-போல் ரிக்கே கட்டத் தொடங்கி 1681இல் முடிந்த இந்தக் கால்வாய்க்கு மொத்த நீளம் சுமார் 240 கி.மீ. 189 மீட்டர் உயரத்தில் உள்ள நோரூஸ் மேட்டைத் தாண்டியதும் தார் நின்றுவிடுகிறது. அங்கிருந்து கொட்டிக் கெட்டித்த சரளை, வெறும் மண், ஓரடி அகல ஒற்றையடித் தடம் என்று மாறி மாறி வரும். கரையோரப் பிளேன் மரங்களின் வேர்கள் மண்ணைப் பிளந்து மேலே வந்து கிடக்கின்றன. ஒல்லியான டயர் அந்த வேரில் மோதும்போது ட்யூப் ரிம்முக்கும் வேருக்கும் நடுவில் நசுங்குகிறது. பக்கத்துக்குப் பக்கம் இரண்டு கீறலோடு பஞ்சர் ஆனால் காரணம் இதுதான். முள்ளைத் தேட வேண்டியதில்லை. காற்றை இன்னும் இறுக்கி அடித்தால் பஞ்சர் குறையும், ஆனால் மணிக்கட்டும் இடுப்பும் கெடும்.

குறைந்தது 37 மி.மீ., இடமிருந்தால் 42 மி.மீ. டயர் போடுங்கள். 75 கிலோ ஆளும் 12 கிலோ சுமையும் என்றால் காற்றழுத்தத்தை முன்சக்கரத்தில் 3 பார், பின்சக்கரத்தில் 3.5 பார் என்று தொடங்கி, வேரில் ஏறும்போது ரிம் இடிக்கிறதா என்று பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். மழை பெய்த மறுநாள் மண்பகுதி வழுக்கும். களிமண் மட்கார்டுக்குள் ஏறிச் சக்கரத்தையே நிறுத்திவிடும். அப்படிப்பட்ட நாளில் பக்கத்து ஊர்ச்சாலைக்கு மாறுவதே சரி. வேர்ப்பகுதியில் ஒரு நாளுக்கு 30, 35 கி.மீ.க்கு மேல் கணக்குப் போடாதீர்கள்.

நிழலையும் நம்பி இருக்க முடியாது. 2006இல் இந்தக் கரையில் கண்டுபிடிக்கப்பட்ட பூஞ்சை நோயால் ஆயிரக்கணக்கான பிளேன் மரங்களை வெட்டி எரிக்க வேண்டியதாயிற்று. மரத்தில் ஏற்படும் காயம் வழியாகத்தான் அந்தப் பூஞ்சை உள்ளே போகிறது. அதனால் சைக்கிளை மரத்தோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பட்டையை உரிக்காதீர்கள்; இதைக் கெஞ்சியே கேட்கிறோம். புதுக் கன்றுகள் நிழல் தரப் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே ஜூலை, ஆகஸ்ட் மாதங்களைத் தவிர்த்து மே, ஜூன் அல்லது செப்டம்பரில் போங்கள்.

எட்டு வயது மகளையும், ட்ரெய்லரில் மூன்று வயது மகனையும் கூட்டிக்கொண்டு போக ஏற்ற இடம்?

தெற்கு பர்கண்டி. கிவ்ரியிலிருந்து க்ளூனி வரை 44 கி.மீ. பழைய ரயில் தடம். 1997இல் திறந்த இதுதான் ஃபிரான்ஸின் முதல் பசுமைப் பாதை. வழியெல்லாம் திராட்சைத் தோட்டங்கள். சிறுமியின் வேகத்துக்கு இரண்டு நாள் வையுங்கள்.

க்ளூனிக்குத் தெற்கே மாக்கோன் நோக்கிப் போனால் புவா க்ளேர் சுரங்கம் வரும். நீளம் 1.6 கி.மீ., வெயில் நாளிலும் உள்ளே குளிரும். ஸ்வெட்டரும் சைக்கிள் விளக்கும் பைக்குள் அடியில் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் வௌவால்கள் உறங்குவதற்காக அதை மூடிவிடுவார்கள். அப்போது மேட்டைத் தாண்டிச் சுற்றித்தான் போக வேண்டும்.

சாலையைக் கடக்கும் இடங்களில் குழந்தைக்கு ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்: பெரும்பாலும் நிற்க வேண்டியது நாம்தான், கார் அல்ல. கார் நுழையாமல் இருக்க அங்கே வைத்திருக்கும் தடுப்புக் கம்பிகள் சில இடத்தில் மிகக் குறுகல். இரட்டை இருக்கை ட்ரெய்லர் சிக்கினால் கழற்றித் தூக்கித்தான் தாண்ட வேண்டும். அகலத்தை முன்கூட்டியே அளந்து வைத்துக்கொள்ளுங்கள். 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஹெல்மெட் 2017 முதல் சட்டப்படி கட்டாயம். ட்ரெய்லரில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கும் சேர்த்துத்தான்.

சைக்கிளை ரயிலில் ஏற்ற முடியுமா?

முடியும். போர்தோ–துலூஸ்–மார்சேய் இன்டர்சிட்டே ரயில் அழென், கார்க்கசோன், செத் ஊர்கள் வழியாகக் கால்வாய்களை ஒட்டியே போகிறது. சைக்கிளுக்குத் தனியாக இடம் பதிவு செய்வது கட்டாயம். கட்டணம் 10 யூரோ அளவில். இடங்கள் சிலவே என்பதால் டிக்கெட்டோடு சேர்த்தே பதியுங்கள். டி.இ.ஆர். (TER) எனப்படும் வட்டார ரயில்களில் பெரும்பாலும் இலவசம், ஆனால் கோடைக்கால விதிகள் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். கொக்கியில் முன்சக்கரத்தை மாட்டித் தொங்கவிட வேண்டியிருக்கும். அதனால் ரயில் வருமுன்பே பைகளைக் கழற்றி ஒன்றோடொன்று கட்டி வைத்திருங்கள். ஐந்து நிமிடம் நிற்கும் ரயிலில் நான்கு பையும் ஒரு சைக்கிளும் ஏற்றுவது எளிதல்ல.

சுமை எவ்வளவு? என்ன உதிரி பாகம் எடுக்க வேண்டும்?

விடுதியில் தங்குபவருக்கு 10 முதல் 12 கிலோ போதும். கேரியரின் இரு பக்கமும் எடை சமமாக இருக்கட்டும், கனமானது அடியில்.

அடிக்கடி கெடுவது கேரியரைப் பிடித்திருக்கும் எம்5 போல்ட். சரளையின் அதிர்வில் தானாகக் கழன்று விழும். கேரியர் சாய்ந்து சக்கரத்துக்குள் போகும். புறப்படுமுன் மரைப்பசை போட்டு முடுக்குங்கள். தினமும் காலையில் ஆலன் சாவியால் தொட்டுப் பாருங்கள். அடுத்தது பின்சக்கர ஸ்போக். பல்சக்கரப் பக்கத்து ஸ்போக்குகளில் இழுவிசை அதிகம், சுமையும் பின்னால். எனவே ஒடிவது அந்தப் பக்கமே.

ட்யூப் இரண்டு, பேட்ச் பசை, டயர் லீவர் இரண்டு, பம்பு, சங்கிலி வெட்டியுள்ள கைக்கருவி, சங்கிலிக்கு இணைப்புக் கண்ணி ஒன்று, அளவுக்கேற்ற ஸ்போக் இரண்டு, எம்5 போல்ட் நான்கு, பிளாஸ்டிக் கட்டுப்பட்டை ஒரு பிடி. எல்லாவற்றையும்விட முக்கியம் உங்கள் ஃபிரேமுக்குரிய டெரெய்லர் ஹேங்கர், அதாவது பின் கியர் மாற்றியை ஃபிரேமோடு பிடித்திருக்கும் சிறு உலோகத் துண்டு. ஆயிரக்கணக்கான வடிவங்கள் இருப்பதால் கிராமத்துக் கடையில் உங்களுடையது கிடைக்காது. சைக்கிள் கடைகள் பல ஞாயிறும் திங்களும் மூடியிருக்கும்.

சாப்பாடு, தண்ணீர்?

தண்ணீருக்குக் கல்லறைத் தோட்டம். ஏறக்குறைய எல்லாக் கிராமத்திலும் அங்கே குழாய் உண்டு. 'நோன் பொதாப்ல்' என்று எழுதியிருந்தால் குடிக்கக் கூடாது. சாப்பாட்டில் நேரம்தான் சிக்கல். பகல் உணவகம் 12 மணிக்குத் திறந்து ஒன்றரைக்குமேல் ஆர்டர் எடுக்காது. சிறு கடைகள் 12 முதல் 2 வரையிலும், பல ஊரில் ஞாயிறு பிற்பகலும் திங்களும் மூடியிருக்கும். சனிக்கிழமையே இரண்டு வேளைக்கு ரொட்டி, சீஸ், பழம் வாங்கிப் பையில் வையுங்கள். தங்க 'அக்கேய் வெலோ' பலகையுள்ள இடம் தேடுங்கள். குறிபோட்ட வழியிலிருந்து 5 கி.மீ.க்குள் இருக்கும், சைக்கிளைப் பூட்டி வைக்க இடமும் பழுதுபார்க்கக் கருவியும் தருவார்கள்.

போலீஸ் அபராதம் போடுமா?

போடலாம். காதில் இயர்ஃபோன் மாட்டி ஓட்டினால் 135 யூரோ. மணி, இரண்டு பிரேக், பிரதிபலிப்பான்கள் கட்டாயம். இருட்டிலும் மூடுபனியிலும் முன்னால் வெள்ளை அல்லது மஞ்சள் விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு. ஊருக்கு வெளியே அந்த நேரத்தில் ஒளிரும் மேல்சட்டையும் வேண்டும். மதுவுக்கான, லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம் என்ற வரம்பு சைக்கிளுக்கும் பொருந்தும்; திராட்சைத் தோட்டத்தில் ருசி பார்ப்பதை அன்றைய ஓட்டம் முடிந்தபின் வைத்துக்கொள்ளுங்கள்.