இடுப்பில் ரிவால்வர் இருக்கும்போது அடிமுறை எதற்கு?

கேள்வி: குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் வியாபாரம் செய்கிறேன். வயது 46. சாயங்காலம் பணத்தோடு தனியாகத்தான் வீடு திரும்புவேன். அதனால் லைசென்ஸ் எடுத்து .32 ரிவால்வர் வைத்திருக்கிறேன். போன மாதம் குடித்துவிட்டு வந்த ஒருவன் கடை முன்னால் என் சட்டையைப் பிடித்துவிட்டான். கை தானாக இடுப்புக்குப் போனது. துப்பாக்கியை எடுக்கவும் மனம் வரவில்லை, அவன் கையை விடுவிக்கவும் தெரியவில்லை. பக்கத்துக் கடைக்காரர் வந்து பிரித்துவிட்டார். அன்றிலிருந்து மனைவி, நம் பக்கத்துத் தற்காப்புக் கலையான அடிமுறையைப் படிக்கச் சொல்கிறாள். காலை 5 மணி முதல் இரவு 8 வரை வேலை. துப்பாக்கி இருப்பவனுக்கு இது தேவையா? தேவை என்றால் நேரத்துக்கு எங்கே போவேன்?
— ஒரு வாசகர், குமரி மாவட்டம்

பதில்: உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. அன்று துப்பாக்கியை எடுக்காமல் நின்றீர்களே, அதுவும் சரி. சட்டையைப் பிடித்தவனைப் பார்த்துத் துப்பாக்கி நீட்டியிருந்தால் குற்றவாளிக் கூண்டில் நீங்கள்தான் நின்றிருப்பீர்கள், லைசென்ஸும் போயிருக்கும். தற்காப்பு உரிமையைப் பற்றி பாரதிய நியாய சன்ஹிதா 34 முதல் 44 வரையான பிரிவுகளில் சொல்கிறது. 2024 ஜூலைக்கு முன் இதுவே இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்தது. எண் மாறினாலும் அடிப்படை ஒன்றுதான்: தற்காப்புக்குத் தேவையான அளவுக்கு மேல் கேடு செய்யக் கூடாது. குடிகாரன் பிடித்த பிடிக்குத் தேவையான அளவு என்பது உங்கள் இரண்டு கைகளும் ஒரு அடி பின்வாங்கும் காலும்தான். அந்த அளவுக்கான வித்தை உங்களிடம் இல்லாததால்தான் கை நேராக இடுப்புக்குப் போனது.

சரி, வந்தவன் குடிகாரனாக இல்லாமல் கத்தியோடு வந்த திருடன் என்றே வைத்துக்கொள்வோம். 1983-இல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி போலீஸ் அதிகாரி டென்னிஸ் டூலர் ஒரு கணக்கைச் சொன்னார். சாதாரணமாக ஓடக்கூடிய ஒருவன் 21 அடி தூரத்தைச் சுமார் ஒன்றரை விநாடியில் கடந்து வந்துவிடுவான். மூன்று ஆட்டோக்களை வரிசையாக நிறுத்தினால் வரும் நீளத்தைவிட இது குறைவு. பயிற்சி பெற்ற போலீஸ்காரர் உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுடவும் ஏறக்குறைய அதே நேரம் ஆகும். உங்களுக்கோ சட்டையைத் தூக்க வேண்டும், இன்னொரு கையில் பணப்பை வேறு. அந்த முதல் விநாடியை விலகியோ தடுத்தோ உங்கள் உடம்புதான் சம்பாதித்துத் தர வேண்டும்.

துப்பாக்கி எப்போதும் கூடவே இருக்கும் என்றும் நினைக்காதீர்கள். தேர்தல் அறிவித்துவிட்டால் பெரும்பாலும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லிவிடுவார்கள். அப்புறம், லைசென்ஸில் எந்த எல்லைக்குச் செல்லும் என்று எழுதியிருக்கும். தமிழ்நாட்டுக்கு மட்டும் என்றிருந்தால், வசூலுக்காகக் களியக்காவிளை தாண்டிக் கேரளத்துப் பாறசாலைக்குப் போகும்போது அதை எடுத்துச் செல்வதே குற்றம். இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

அடிமுறை படிக்க நீங்கள் இருக்கும் ஊர் நல்ல ஊர். வடகேரளத்து வடக்கன் களரியில் மெய்த்தாரி (உடல் பயிற்சி), கோல்த்தாரி (கம்பு), அங்கத்தாரி (வாள் போன்ற ஆயுதங்கள்) என்று ஏறிக் கடைசியில்தான் வெறுங்கைக்கு வருவார்கள். நம் தெக்கன் முறையான அடிமுறையில் பெரும்பாலும் வெறுங்கையும் சுவடும் (கால் வைக்கும் முறை) தான் முதல் பாடம், கம்பு பிறகு. உங்களுக்கு வேண்டியதும் அந்த முதல் பாடம்தான்.

நான் களரியில், அதாவது பயிற்சிக் களத்தில், இறங்கியபோது எனக்கு 41 வயது. முதல் மூன்று வாரம் ஆசான் கால் வைக்க மட்டுமே சொல்லித் தந்தார். மண் தரையில் முன்னால் ஒரு சுவடு, பின்னால் ஒரு சுவடு, திரும்பு. வெட்கமாகத்தான் இருந்தது. நான்காவது வாரம் அவர் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தபோது, நான் யோசிக்கும் முன்பே கால் நகர்ந்தது. இதற்குத்தானா என்று அன்றைக்குப் புரிந்தது.

நீங்கள் ஆசானிடம் மூன்று விஷயங்களை முதலில் கேளுங்கள். ஒன்று, மணிக்கட்டுப் பிடி. பிடிக்கிறவன் கையில் வலு நான்கு விரல் பக்கம் இருக்கும், கட்டைவிரல் பக்கம்தான் வாசல். உங்கள் மணிக்கட்டின் மெல்லிய விளிம்பை அந்த இடைவெளிக்குத் திருப்பி, முழங்கையை அவன் பக்கம் தள்ளி, கூடவே ஒரு சுவடு வைத்தால் கை உருவிக்கொண்டு வரும். இரண்டு, சட்டைப் பிடி. அவன் கையை உங்கள் மார்போடு அமுக்கிக்கொண்டு உடம்பைத் திருப்பினால் அவன் மணிக்கட்டு மடங்கும். பூட்டு என்பது இதுதான்.

மூன்றாவதை அடிமுறையில் தனியாகச் சொல்லித் தரமாட்டார்கள், நீங்களாகவே கேட்க வேண்டும்: துப்பாக்கியைக் காப்பது. அவ்வளவு நெருக்கத்தில் உங்கள் துப்பாக்கிக்கு அவன் கையும் எட்டும். வலது உள்ளங்கையால் உறையோடு சேர்த்து அழுத்திப் பிடித்து, அந்த இடுப்பைப் பின்னுக்குத் திருப்பி, இடது கையை முகத்துக்கு முன் வைத்து விலக வேண்டும். இதைப் பொம்மைத் துப்பாக்கி வைத்து மட்டுமே பழகுங்கள். களரிக்குப் போகும் நாளில் ரிவால்வரைத் தோட்டா கழற்றி வீட்டில் பூட்டிவிட்டுப் போங்கள்.

நேரத்துக்கு வருகிறேன். மாசி, பங்குனியில் ரப்பர் மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கும்போது பால்வெட்டு நிற்கும். ஆனி, ஆடி மழையிலும் வெட்டு முடங்கும். ஷீட் வரத்துக் குறையும் அந்த வாரங்களை உங்களைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? அப்போது தொடங்குங்கள். மழைக்காலம் களரிக்காரர்களுக்கும் பழைய வழக்கப்படி பயிற்சிக்கும் உழிச்சிலுக்கும் (எண்ணெய் தேய்த்து உடம்பைப் பிடித்துவிடுவது) உகந்த காலம். வாரம் 2 நாள், 45 நிமிடம் போதும். வேலை கூடிய பிறகு அதை ஒரு நாளாக்கிக்கொண்டு, மற்ற நாட்களில் கடை ஷட்டரைத் தூக்கும் முன் 10 நிமிடம் சுவடு போடுங்கள். ரிவால்வரைத் துடைத்து எண்ணெய் போட நேரம் ஒதுக்குகிறீர்கள் அல்லவா, அதுபோலத்தான் இதுவும்.

முட்டியிலோ முதுகிலோ வலி இருந்தால் முதல் நாளே ஆசானிடம் சொல்லிவிடுங்கள். மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். வீட்டில் பழகும்போது கையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும், அவரும் தெரிந்துகொண்டால் நல்லதுதானே.