2000-இல் புஷ் சொன்ன ‘அடக்கமான அமெரிக்கா’: கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்கா அடக்கமாக நடக்க வேண்டும் என்று பிரச்சாரம் செய்த ஜார்ஜ் டபிள்யூ. புஷ், 2003-இல் இராக் மீது படையெடுத்தாரே. ஓட்டுக்காகச் சொன்ன பொய்தானே?

பதில்: 2000 அக்டோபர் 11, வட கரோலினாவில் எதிர் வேட்பாளர் அல் கோருடன் நடந்த இரண்டாவது விவாதம் அது. ஆணவம் காட்டினால் வெறுப்பார்கள், வலிமையோடு அடக்கமும் இருந்தால் வரவேற்பார்கள் என்றார் புஷ். ராணுவம் போரில் ஜெயிப்பதற்கு, அடுத்தவர் நாட்டைக் கட்டியெழுப்ப அல்ல என்றார், மனிதாபிமான உதவிக்குப் போன படை அந்த வேலையில் சிக்கியதற்கு சோமாலியாவைக் காட்டினார். 1994 இனப்படுகொலையின்போது ருவாண்டாவுக்கு அதிபர் கிளின்டன் படை அனுப்பாததும் சரி என்றார். ஆனால் சதாம் பேரழிவு ஆயுதம் செய்தால் விளைவைச் சந்திப்பார் என்றதும் அதே மேடையில்தான். சதாமை அகற்றுவதை ஆதரிக்கும் 1998 இராக் விடுதலைச் சட்டத்தை முழுதாக நிறைவேற்றச் சொன்னது அவர் கட்சியின் தேர்தல் அறிக்கை. (அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டவர் கிளின்டன்.) போரே வேண்டாம் என்று புஷ் எங்கும் சொல்லவில்லை. ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள், முழுப் பேச்சையும் படியுங்கள்.

கேள்வி: இந்தியா பற்றி ஏதாவது பேசினாரா?

பதில்: பேசினார். 1999 நவம்பரில் ரீகன் நூலகத்தில், சீனா போட்டியாளர், வரும் நூற்றாண்டில் இந்தியா ஒரு சக்தியாக எழும் என்றார். வேடிக்கை என்னவென்றால், அதே மாதத் தொடக்கத்தில் பாஸ்டன் டிவி நிருபர் ஒருவர் இந்தியப் பிரதமர் பெயரைக் கேட்டபோது வாஜ்பாய் பெயர் அவர் வாயில் வரவில்லை. அணுசக்தி ஒப்பந்தம் 2008-இல் கையெழுத்தானது அவர் ஆட்சியில்தான்.

கேள்வி: கோர் ஜெயித்திருந்தால்?

பதில்: ஜோசியரிடம் கேளுங்கள்.

கேள்வி: முதல் பதிலில் புஷ்ஷுக்கு வக்காலத்து வாங்குகிறீர்களே! ஆப்கானிஸ்தானில் நடந்தது என்ன?

பதில்: வக்காலத்து இல்லை ஐயா. வாக்கு உடைந்த இடமே அதுதான். 2002 ஏப்ரலில், இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவைத் தூக்கிவிட்ட அமெரிக்காவின் மார்ஷல் திட்டத்தை நினைவூட்டி ஆப்கானிஸ்தானைக் கட்டியெழுப்புவது பற்றிப் பேசினார். 2003-இல் இராக்கைப் பிடித்ததும் அமெரிக்க நிர்வாகி பால் பிரெமர் அந்நாட்டு ராணுவத்தையே கலைத்தார். வேண்டவே வேண்டாம் என்ற வேலையைத் தலையில் ஏற்றிக்கொண்டது அப்போதுதான். திட்டுவதென்றால் அதற்குத் திட்டுங்கள்.

கேள்வி: சொன்னதில் எதையாவது செய்தாரா?

பதில்: ஏவுகணைத் தடுப்பு. அதற்குக் கட்டுப்பாடு விதித்து சோவியத் யூனியனோடு போட்ட 1972 ஒப்பந்தத்திலிருந்து 2002-இல் விலகினார்.

கேள்வி: அடக்கம் பேசியவர் இராக் மீது ஏன்...

பதில்: முதல் பதில். மறுபடியும் முதல் பதில்!

கேள்வி: பால்கனிலிருந்து (போஸ்னியா, கொசோவோ) படையைத் திரும்ப அழைப்பதாகச் சொன்னாரே?

பதில்: நல்ல கேள்வி, யாரும் கேட்பதில்லை. அமைதிப் பணியை ஐரோப்பியரே பார்த்துக்கொள்ளட்டும் என்பது அவர் தரப்பு. பதவிக்கு வந்ததும், சேர்ந்தே போனோம், சேர்ந்தே திரும்புவோம் என்று நேட்டோ கூட்டாளிகளுக்கு உறுதி கொடுத்துவிட்டார் அவருடைய வெளியுறவு அமைச்சர் காலின் பாவெல். 9/11-க்கு மாதங்கள் முன்பே நடந்தது இது.