சமீபத்தில் அழிந்த மீன்கள்: கடைசியாகப் பார்த்த ஆண்டு வேறு, அறிவித்த ஆண்டு வேறு

கேள்வி இது: "சமீப காலத்தில் உலகில் முற்றிலும் அழிந்துபோன மீன் இனங்கள் எவை? அழிந்துவிட்டது என்று எப்படி உறுதி செய்கிறார்கள்?"

நான் மீன் ஆய்வாளன் அல்ல. ஐயுசிஎன் எனப்படும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் உயிரினங்களின் அழிவு ஆபத்தை மதிப்பிட்டு வெளியிடும் சிவப்புப் பட்டியல் ஒவ்வொரு முறை புதுப்பிக்கப்படும்போதும் அதில் மீன்கள் பகுதியைத் தேடி வாசிக்கும் பழக்கம் உண்டு, அவ்வளவுதான். வாசித்த வரையில் எனக்குப் பட்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மீன் "அழிந்தது" என்று செய்தி வரும் ஆண்டில் அது அழிவதில்லை. பெரும்பாலும் பத்து இருபது ஆண்டுகளுக்கு முன்பே, சில சமயம் நூறு ஆண்டுகளுக்கு முன்பே போயிருக்கும். அதனால் "சமீபத்தில் அழிந்தவை" என்று இணையத்தில் சுற்றும் பட்டியல்களில் பாதி, உண்மையில் "சமீபத்தில் அறிவிக்கப்பட்டவை"தான்.

இதற்கு நல்ல உதாரணம் சீனாவின் யாங்சே ஆற்றில் இருந்த துடுப்பு மீன். முகத்துக்கு முன்னால் நீண்ட வாள் போன்ற மூக்கு. 7 மீட்டர் வரை வளர்ந்ததாகப் பழைய பதிவுகள் உண்டு. அந்த மூக்கு முழுக்க நுண்ணிய மின்புலத்தை உணரும் உறுப்புகள். கலங்கிய ஆற்றில் இரையை அதை வைத்தே கண்டுபிடிக்கும். துடுப்பு மீன் குடும்பத்தில் நம் காலம் வரை மிஞ்சியிருந்தவை இரண்டே இனங்கள். ஒன்று இது, இன்னொன்று அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகையில் இன்றும் இருப்பது.

1970களில்கூட இந்த மீனை ஆண்டுக்குச் சுமார் 25 டன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 1981இல் கெஜோபா அணைக்காக ஆற்றை மறித்தார்கள். முட்டையிடும் இடங்கள் எல்லாம் அணைக்கு மேலே, ஆற்றின் மேற்பகுதியில் இருந்தன. மீன் ஏறிச் செல்வதற்கான வழி எதுவும் அணையில் இல்லை. கீழே இருந்தவை கீழேயே நின்றுவிட்டன. 1989இல் சீன அரசு இதற்கு முதல் நிலைப் பாதுகாப்பு கொடுத்தது. சட்டப்படி பிடிக்கக் கூடாது, சரி. ஆனால் பிரச்சினை பிடிப்பதில் மட்டும் இல்லையே. நீண்ட ஆயுள் உள்ள மீன் என்பதால், இனப்பெருக்கம் நின்ற பிறகும் பெரிய மீன்கள் அவ்வப்போது வலையில் வந்தன. அதைப் பார்த்து "இன்னும் இருக்கிறது" என்று நினைத்துக்கொண்டிருக்க முடிந்தது.

2003 ஜனவரியில் சிச்சுவான் மாநிலத்தின் யிபின் அருகே ஒரு மீனவர் வலையில் தற்செயலாக ஒன்று சிக்கியது. முட்டைகள் நிறைந்த பெரிய பெண் மீன். ஆய்வாளர் வெய் ச்சிவெய் குழுவினர் விரைந்து வந்து, காயத்துக்கு மருத்துவம் பார்த்து, சமிக்ஞை அனுப்பும் கருவியைப் பொருத்தி ஆற்றில் விட்டார்கள். சில நாட்களிலேயே சமிக்ஞை தொலைந்துபோனது. அதற்குப் பிறகு உயிருள்ள துடுப்பு மீனை யாரும் பார்த்ததாக உறுதியான பதிவு இல்லை. 2006 முதல் 2008 வரை ஒலியலைக் கருவிகளோடும் வலைகளோடும் தேடினார்கள். 2017, 2018இல் யாங்சே படுகை முழுக்க நடந்த பெரிய கணக்கெடுப்பில் 332 மீன் இனங்கள் கிடைத்தன. இது கிடைக்கவில்லை.

வெய் ச்சிவெய் குழு பழைய பதிவுகளை வைத்துக் கணக்கிட்டு ஒரு முடிவுக்கு வந்தது. 2005க்கும் 2010க்கும் இடையில் கடைசி மீனும் இறந்திருக்கும். இனத்தைத் தொடரும் அளவுக்கு எண்ணிக்கை 1993லேயே இல்லாமல் போயிருக்கும். சிவப்புப் பட்டியலில் "அழிந்தது" என்று ஏறியது 2022 ஜூலையில். யாங்சேயில் பத்தாண்டு மீன்பிடித் தடை தொடங்கியது 2021 ஜனவரி 1 அன்று. இந்த ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. துடுப்பு மீனைத் தொட்டியில் வைத்து வளர்த்து இனப்பெருக்கம் செய்ய ஒருமுறைகூட முடியவில்லை என்பதால் மாற்று வழியும் இல்லாமல் போனது.

அதே 2022 அறிவிப்பில் அதே ஆற்றின் யாங்சே ஸ்டர்ஜன் "இயற்கையில் அழிந்தது" என்ற பிரிவுக்குப் போனது. இது முழு அழிவு இல்லை, பண்ணைகளில் வளர்க்கிறார்கள், குஞ்சுகளை ஆற்றில் விடுகிறார்கள். பட்டியல் வாசிக்கும்போது இந்த இரண்டு பிரிவுகளையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். செய்தித் தளங்கள் அடிக்கடி குழப்புகின்றன.

இனி கடல். கடல் மீன்களில் அழிந்ததாக அறிவிக்கப்பட்டவை மிகக் குறைவு. அதற்குக் காரணம் கடல் பெரியது, தேடி முடிக்க முடியாது என்பது. 2023 டிசம்பரில் ஜாவா திருக்கை அழிந்ததாக அறிவித்தார்கள். மனிதச் செயலால் அழிந்ததாக அறிவிக்கப்பட்ட முதல் கடல் மீன் என்று இதைச் சொல்கிறார்கள். இந்த இனத்தைப் பற்றி அறிவியலுக்குத் தெரிந்தது எல்லாம் ஒரே ஒரு மீன்தான். 1862இல் இன்றைய ஜகார்த்தாவின் மீன் சந்தையில் வாங்கியது. அதற்குப் பிறகு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஜாவாவின் வடக்குக் கரையில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே கடுமையான மீன்பிடி, கரையோர வாழிடங்களும் சிதைந்துவிட்டன. மீன் இறங்குதளங்களில் ஆண்டுக்கணக்கில் தேடிய பிறகுதான் முடிவு செய்தார்கள்.

"முதல்" என்ற பட்டம் இதற்கு முன் வேறொரு மீனுக்கு இருந்தது என்பது வேடிக்கை. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் பெரோன் 1802இல் சேகரித்த ஒரு கைமீன். துடுப்புகளைக் கைபோல ஊன்றிக் கடல்தரையில் நடக்கும் வகை. இதற்கும் ஒரே ஒரு மாதிரிதான். 2020இல் அழிந்தது என்று அறிவித்தார்கள். உலகம் முழுக்கச் செய்தி வந்தது. 2021இல் "போதிய தகவல் இல்லை" என்ற பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். மாற்றியது அவ்வளவாகச் செய்தி ஆகவில்லை. அதனால் இன்றும் பல பட்டியல்களில் அது அழிந்த மீனாகவே இருக்கிறது.

எண்ணிக்கையில் பார்த்தால் பெரிய அடி ஏரிகளுக்குத்தான். பிலிப்பைன்ஸ் நாட்டின் மிண்டனாவ் தீவில் லனாவோ ஏரி என்று ஒன்று உண்டு. அங்கே மட்டுமே வாழ்ந்த கெண்டை வகை மீன்கள் 17 இனங்கள். 2020 டிசம்பரில் அவற்றில் 15 அழிந்ததாக ஒரே மூச்சில் அறிவித்தார்கள். மீதி இரண்டும் அநேகமாகப் போய்விட்டன. வெளியிலிருந்து வந்து சேர்ந்த கொன்றுண்ணி மீன்கள், அளவுக்கு மீறிய, நாசகரமான மீன்பிடி முறைகள் என்று இரண்டு காரணங்கள் சொல்லப்பட்டன. ஆல்பர்ட் ஹெர்ரே என்ற அமெரிக்க ஆய்வாளர் 1924இல் இவற்றில் பலவற்றை விவரித்து எழுதினார். அவர் மணிலாவில் சேர்த்து வைத்த மாதிரிகள் இரண்டாம் உலகப் போரில் அழிந்தன. ஏரியிலும் இல்லை, அருங்காட்சியகக் குப்பியிலும் இல்லை என்ற நிலை.

ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரி இதைவிடப் பெரிய கதை. அங்கே சிக்லிட் வகைச் சிறு மீன்கள் சுமார் 500 இனங்கள் இருந்தன. 1950களிலும் 60களிலும் வருமானத்துக்காக நைல் பெர்ச் என்ற பெரிய வேட்டை மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். கொஞ்ச காலம் ஒன்றும் தெரியவில்லை. 1980களில் அது திடீரெனப் பெருகியது, சிக்லிட்டுகள் சரிந்தன. சுமார் 200 இனங்கள் போயிருக்கலாம் என்பது பரவலான மதிப்பீடு. இதில் பல இனங்களுக்கு முறையான அறிவியல் பெயர்கூட வைத்து முடிக்கவில்லை. பெயர் இல்லாததைப் பட்டியலில் எப்படிச் சேர்ப்பது?

நைல் பெர்ச் தின்றது மட்டும் காரணம் இல்லை. வயல்களிலிருந்தும் ஊர்களிலிருந்தும் சத்துப் பொருட்கள் வந்து சேர்ந்து பாசி மண்டி, தண்ணீர் கலங்கியது. இந்தச் சிக்லிட்டுகளில் பெண் மீன், ஆண் மீனை நிறத்தை வைத்துத்தான் அடையாளம் காணும். கலங்கல் நீரில் சிவப்பும் நீலமும் பிரித்துத் தெரியாதபோது அடுத்தடுத்த இனங்கள் கலந்துவிட்டன. ஒரு மீன்கூடச் சாகாமலேயே ஓர் இனம் இல்லாமல் போகலாம் என்பதை நான் முதலில் வாசித்தது இங்கேதான். சில இனங்கள் பின்னாளில் மீண்டும் தலைகாட்டின என்பதையும் சொல்ல வேண்டும்.

அடுத்து, யாரும் பேசாத சின்ன மீன்கள். பாலைவன ஊற்றுகளில், ஒரே ஒரு குட்டையில் மட்டும் வாழும் பப்ஃபிஷ் வகைகள். மெக்சிகோவின் நுவோ லியோன் மாநிலத்தில் எல் பொதோசி என்ற ஊற்றில் இருந்த கட்டரினா பப்ஃபிஷ், விரலளவு மீன். 1972இல்தான் அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. விவசாயத்துக்காக நிலத்தடி நீரை உறிஞ்சியதில் ஊற்று வற்றியது. 1994இல் இயற்கையில் முடிந்தது. தொட்டிகளில் வளர்க்க முயன்றார்கள், பிடிவாதமான மீன், சரியாகப் பெருகவே இல்லை. 2014இல் தொட்டியில் இருந்த கடைசி மீனும் இறந்தது. அதே ஊற்றில் கூடவே வாழ்ந்த இன்னொரு பப்ஃபிஷ் இனம் தொட்டிகளில் இன்றும் இருக்கிறது. ஒரு பேரினமே (நெருங்கிய உறவுள்ள இனங்களைச் சேர்த்த பிரிவு; இதில் இருந்தது இந்த ஒரே இனம்) இந்த ஒற்றை மீனோடு போனது என்றாலும் செய்தி எங்கும் பெரிதாக வந்த நினைவு எனக்கு இல்லை. ஏழு மீட்டர் நீளம் இருந்தால்தான் துக்கம் விசாரிப்பார்கள் போல.

அமெரிக்காவில் 2023இல் இரண்டு மீன்களை அழிந்தவை என்று சொல்லிப் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். ஒன்று டெக்சாஸின் சான் மார்கோஸ் கம்பூசியா, கடைசியாகப் பார்த்தது 1983இல். இன்னொன்று ஒஹையோ மாநிலத்தின் ஓர் ஓடையில் மட்டும் இருந்த சிறு கெளுத்தி. மொத்தமே 18 மீன்கள்தான் பிடிபட்டன, கடைசியாக 1957இல். அதற்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது 1975இல்! நியூசிலாந்தின் கிரேலிங் மீன் கதையும் இதே மாதிரிதான். 1920களிலேயே ஏறக்குறைய காணாமல் போனது, பாதுகாக்கப்பட்ட மீன் என்று சட்டம் வந்தது 1951இல்.

எப்படி உறுதி செய்கிறார்கள் என்று கேட்டீர்கள். ஐயுசிஎன் விதி எளிமையானது: கடைசி உயிரும் இறந்துவிட்டது என்பதில் நியாயமான சந்தேகம் எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது. அதற்கு, அந்த மீன் வாழ்ந்த, வாழக்கூடிய இடங்களில் எல்லாம், சரியான பருவத்தில், அதன் ஆயுளுக்கு ஏற்ற கால அளவுக்குத் தேடியிருக்க வேண்டும். தேடுவதற்குப் பணம் வேண்டும், ஆள் வேண்டும். இவை இல்லாத இடங்களில் மீன் "அழிந்திருக்கலாம்" என்ற நிலையிலேயே பல ஆண்டுகள் கிடக்கும். அவசரப்பட்டு அறிவிக்காததற்கு நல்ல காரணமும் உண்டு. அறிவித்த மறுநாளே பாதுகாப்புக்கான பணம் நின்றுவிடும். எங்கோ நாலைந்து மீன் மிச்சம் இருந்தால் அவற்றின் கதியும் முடிந்தது.

தவறாக அறிவித்ததும் உண்டு. வட கடலின் ஹௌட்டிங் மீனை 2008இல் அழிந்ததாகச் சேர்த்தார்கள். 2023இல் அருங்காட்சியகங்களில் இருந்த பழைய மாதிரிகளின் டிஎன்ஏவை ஆராய்ந்தபோது, அது தனி இனமே இல்லை, ஐரோப்பாவில் இன்றும் உள்ள வெள்ளை மீன் இனம்தான் என்று தெரிந்தது. துருக்கியின் பட்மான் ஆற்று அயிரையை 1974க்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. அணை கட்டியதால் போய்விட்டது என்றே நினைத்தார்கள். 2021இல் இரண்டு துருக்கி ஆய்வாளர்கள் அணைக்கு மேலே உள்ள ஓடைகளில் தேடிப் பிடித்துவிட்டார்கள். மெக்சிகோவின் டெகிலா மீன் இன்னும் ஒரு படி மேலே. இயற்கையில் முற்றிலும் போனதை, தொட்டியில் வளர்ப்பவர்களிடமிருந்து வந்த ஐந்து ஜோடிகளிலிருந்து பெருக்கி, சொந்த ஆற்றிலேயே மறுபடி விட்டு, இப்போது அது அங்கே தானாகப் பெருகுகிறது.

ஆக, சுருக்கமான பட்டியல்தான் வேண்டும் என்றால் நான் சந்தேகமில்லாமல் சேர்ப்பவை: சீனத் துடுப்பு மீன், கட்டரினா பப்ஃபிஷ், சான் மார்கோஸ் கம்பூசியா, லனாவோ ஏரியின் 15 கெண்டைகள். ஜாவா திருக்கையைச் சேர்க்கலாம், ஆனால் அது எந்த ஆண்டு போனது என்று யாராலும் சொல்ல முடியாது. "சமீபத்தில்" என்ற சொல் அதற்குப் பொருந்துமா என்பதே கேள்வி.

சேர்க்காமல் விட்ட ஒன்று: தென்சீனக் கடல் பகுதியின் "தொலைந்த சுறா". மூன்றே மாதிரிகள், கடைசியாகக் கிடைத்தது 1934இல். அதைத் தனி இனம் என்று பிரித்துப் பெயர் வைத்ததே 2019இல்தான். இப்போதைக்கு "அழிந்திருக்கலாம்" என்ற அளவில் நிற்கிறது. சில ஆண்டுகள் கழித்து இதே கேள்விக்கு வேறு யாராவது பதில் எழுதினால், அவர் பட்டியலில் அது வந்திருக்கக்கூடும்.