ஒளித்து வைத்த பணம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

எனக்கு இரண்டு குழந்தைகள். பையனுக்கு 11 வயது, பெண்ணுக்கு 7. ஒரு வருடமாகப் பையனுக்கு வாராவாரம் பாக்கெட் மணி கொடுக்கிறேன். நண்பர்களுக்குக் கிடைப்பதைவிடக் குறைவு என்று தினமும் சண்டை. குழந்தை கையில் காசு கொடுத்தாலே கெட்டுப்போகும் என்கிறார் என் கணவர். எவ்வளவு கொடுப்பது சரி? வீட்டு வேலை செய்தால் மட்டும் கொடுக்கலாமா, மதிப்பெண்ணைப் பார்த்துக் கொடுக்கலாமா? குழந்தைகளுக்கென்றே கார்டு, ஆப் எல்லாம் வந்திருக்கிறதே, அவை நல்லதா? அவன் அடம்பிடித்தாலோ மார்க் குறைந்தாலோ அந்த வாரப் பணத்தை நிறுத்திவிடுவேன். அவன் சேர்த்து வைத்ததிலிருந்தும் இரண்டு மூன்று முறை எடுத்திருக்கிறேன், வீட்டு அவசரத்துக்குத்தான். இப்போது புத்தகத்துக்குள், பழைய ஷூவுக்குள் என்று பணத்தை ஒளித்து வைக்கிறான். இந்தத் திருட்டுப் புத்தியை எப்படி மாற்றுவது? சின்னவளுக்கு இப்போதே கொடுக்க ஆரம்பிக்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தில் ஐந்தாறு கேள்விகள் இருக்கின்றன. நான் பதில் எழுத உட்கார்ந்தது பழைய ஷூவுக்காக. குழந்தைகளுக்குப் பெரியவர்கள் கொடுக்கும் வாக்கைப் பற்றிச் சில வாரங்களாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் உங்கள் பையன் வந்து நிற்கிறான்.

திருட்டுப் புத்தி என்று எழுதியிருக்கிறீர்கள். யார் யாரிடம் திருடியது? அவன் பணம், அவன் வீடு, அவன் ஷூ. ஒரு பிள்ளை தன் காசைத் தன் வீட்டிலேயே ஒளித்து வைக்கிறான் என்றால், அந்த வீட்டில் யாரோ அதை எடுக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. யார் என்று அதே கடிதத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கடுமையாகச் சொல்கிறேன் என்று தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்காக யோசித்து இவ்வளவு நீளமாக எழுதுகிற அம்மாவிடம் இதைச் சொல்லலாம் என்று நம்பித்தான் சொல்கிறேன்.

எவ்வளவு என்ற கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். உங்களால் ஒரு வாரம்கூடத் தவறாமல் கொடுக்க முடிகிற தொகை. அவன் ஆசைப்படுவதெல்லாம் வாங்கப் போதக்கூடாது, சில வாரம் சேர்த்தால் ஒன்றையாவது வாங்க முடிய வேண்டும். எந்தச் செலவு அவனுடையது, எது உங்களுடையது என்பதைத் தொகையோடு சேர்த்தே பேசிவிடுங்கள். நண்பனுக்கு அதிகம் கிடைக்கலாம், அந்தப் பணத்தில் அவன் பள்ளிப் பொருள்களும் வாங்குகிறானோ என்னவோ. ஒப்பிட்டுப் பயனில்லை. உங்கள் கணவரிடம் ஒன்று சொல்லுங்கள். காசைத் தொட்டே பார்க்காத பிள்ளையும் ஒருநாள் முதல் சம்பளம் வாங்கும். அன்று செய்யும் தப்பைவிட 11 வயதில் செய்யும் தப்புக்குச் செலவு குறைவு.

வீட்டு வேலைக்கும் மார்க்குக்கும் காசைக் கட்டாதீர்கள். 1973-இல் அமெரிக்காவில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம் மட்டும், வரைந்தால் பரிசுச் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். பிறகு சில நாள் கழித்துப் பரிசுப் பேச்சே இல்லாமல் விட்டுப் பார்த்தபோது, அந்தக் குழந்தைகள் வரைவதில் செலவழித்த நேரம் மற்றவர்களுடையதில் பாதியளவுதான் இருந்தது. சாப்பிட்ட தட்டைக் கழுவுவது அந்த வீட்டில் இருப்பவர் செய்யும் வேலை. அதற்குக் கூலி கொடுத்துப் பழக்கினால், இன்று எனக்குக் காசு வேண்டாம், தட்டும் கழுவ மாட்டேன் என்று அவன் சொல்லும்போது உங்களிடம் பதில் இருக்காது.

இனி நிறுத்திவைக்கும் விஷயம். இதைத்தான் நான் விடப் போவதில்லை.

இஸ்ரேலின் ஹைஃபா நகரத்தில் 10 குழந்தைகள் காப்பகங்களில் நடந்த ஆய்வு ஒன்று 2000-இல் வெளியானது. மாலையில் பிள்ளையைக் கூட்டிப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்குச் சில காப்பகங்களில் அபராதம் போட்டார்கள். தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அதுவரை ஆசிரியரைக் காக்க வைக்கிறோமே என்று கூசியவர்கள், அபராதம் வந்ததும் அதைக் கட்டணமாக எடுத்துக்கொண்டார்கள். அபராதத்தை நீக்கிய பிறகும் பழைய கூச்சம் திரும்பவில்லை. வளர்ந்தவர்களே அப்படி. உங்கள் பையன் தங்கையை அடித்துவிட்டு, இதற்கு ஒரு வாரக் காசுதானே என்று கணக்குப் போட எத்தனை நாளாகும்? அடித்ததற்காக அவளிடம் போய்ப் பேச வேண்டியவன், உங்களிடம் கட்டிவிட்டுப் போய்விடுவான்.

அதைவிடப் பெரிய நஷ்டம் வேறு. 2013-இல் அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 28 சின்னக் குழந்தைகளை வைத்துச் செய்த சோதனை ஒன்று உண்டு. முதலில் பழைய கிரேயான்களைக் கொடுத்து, பொறுத்திருந்தால் இதைவிட நல்லதைக் கொண்டுவருகிறேன் என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போவார். பாதிப் பேருக்குச் சொன்னபடி வந்தது. மீதிப் பேரிடம், மன்னித்துக்கொள், இல்லை என்று வெறுங்கையோடு வந்தார். ஸ்டிக்கரை வைத்தும் இதையே செய்தார்கள். அப்புறம்தான் உண்மையான சோதனை: தட்டில் ஓர் இனிப்பு, 15 நிமிடம் காத்திருந்தால் இரண்டு. வாக்குக் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்த குழந்தைகள் 3 நிமிடம்.

நேற்றுவரை பொறுமைசாலிகளாக இருந்திருக்கக்கூடிய குழந்தைகள்தான் அவர்களும். பேசுகிறவரை நம்பலாமா என்று இரண்டே தடவையில் புரிந்துகொண்டார்கள். சேமிக்கச் சொல்லித்தருகிறேன் என்கிறோம். சேமிப்பு என்றால் என்ன? நாளை அது அங்கேயே இருக்கும் என்ற நம்பிக்கை. நீங்கள் எடுத்துக்கொண்டே இருக்கும் உண்டியலில் அவன் எதற்குப் போட வேண்டும்? கிடைத்த அன்றே செலவழிப்பதுதான் அவனுக்குப் புத்திசாலித்தனம். அதுகூடச் செய்யாமல் ஷூவுக்குள் வைத்து இன்னமும் சேர்க்கப் பார்க்கிறானே, அந்தப் பிள்ளையையா திட்டுவீர்கள்?

பத்திரமா வெச்சுக்கிறேன், குடு என்று வாங்கிக்கொள்ளும் பெற்றோர் எத்தனை பேர்! பிறந்தநாளுக்கு மாமா கொடுத்தது, அத்தை கொடுத்தது எல்லாம் அப்படித்தான் போகிறது. பெரியவர்கள் இதை மறந்தே போகிறார்கள். குழந்தைகள் மறப்பதில்லை. நாற்பது வயதுக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள், எந்தப் பிறந்தநாள், எவ்வளவு, யார் வாங்கி வைத்தார்கள் என்று இன்றும் சொல்வார்கள்.

என் அப்பாவின் சம்பளம் மாதக் கடைசிவரை தாங்காது. அப்போதெல்லாம் என் உண்டியல் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "கொஞ்சம் கடனாக் குடுப்பியா? ஒண்ணாந்தேதி தந்துடறேன்" என்பார். நான் சம்மதித்தால் நானேதான் திறந்து எண்ணிக் கொடுக்க வேண்டும். தொகையையும் தேதியையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு உள்ளே போடுவார். ஒன்றாம் தேதி வேலையிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றும் முன்பே என் கடனைத் தீர்ப்பார். தாளை நான் கிழித்துப்போட வேண்டும்.

ஒரு மாதம் மாட்டேன் என்றேன். வண்ணப் பென்சில் பெட்டிக்காகச் சேர்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்குக் கோபம். "அது அவன் காசு" என்று சொல்லிவிட்டு அப்பா எழுந்து போனார். பக்கத்து வீட்டு வாசலில் நின்று அவர் கடன் கேட்டதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். திரும்பி வந்தவர் முகத்தில் என்மேல் ஒரு வருத்தமும் இல்லை. பென்சில் பெட்டி வாங்கிய அன்று என் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பென்சிலாக எடுத்துப் பார்த்தார். அடுத்த மாதக் கடைசியில் அவர் கேட்பதற்கு முன்பே நான் உண்டியலைத் தூக்கிக்கொண்டு போனேன்.

வீட்டுக் கஷ்டம் பிள்ளைக்குத் தெரியக்கூடாது என்று நான் சொல்லவே இல்லை. தெரியட்டும். கேட்டு வாங்குங்கள், எழுதிக் கொடுங்கள், சொன்ன நாளில் திருப்பிக் கொடுங்கள். மாட்டேன் என்று சொல்லும் உரிமை அவனுக்கு இருக்கட்டும்.

எழுத்து என்றதும் அமெரிக்காவின் பெரும் பணக்காரர்களான ராக்ஃபெல்லர் குடும்பம் நினைவுக்கு வருகிறது. 1920 மே 1-ஆம் தேதி ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியர், 14 வயது மகனோடு கைச்செலவுப் பணத்துக்காக 14 அம்சங்களில் ஓர் உடன்பாடு எழுதினார். வாரத்துக்கு ஒன்றரை டாலரில் ஆரம்பம். கணக்கைச் சரியாக எழுதினால் அடுத்த வாரம் 10 சென்ட் கூடும், இல்லையென்றால் 10 சென்ட் குறையும். ஐந்தில் ஒரு பங்காவது சேமிப்புக்கு, அதேபோல் ஒரு பங்கு தர்மத்துக்கு. அவ்வளவு பெரிய பணக்காரர் மகனின் நோட்டுப் புத்தகத்தைச் சரிபார்த்துச் சில்லறையைக் குறைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. பிள்ளை எதில் செலவழித்தான் என்று துருவக்கூடாது என்பது என் கட்சி. ஆனாலும் அந்த மகனுக்கு எது நடந்தால் எவ்வளவு குறையும் என்பது முன்பே தெரியும். அப்பாவுக்குக் கோபம் வந்த நாளில் மொத்தத்தையும் நிறுத்த அந்தத் தாளில் வழியில்லை. உங்கள் பையனுக்கு அந்த அளவு பாதுகாப்புகூட இல்லையே.

ஆகவே இந்த வாரமே இதைச் செய்யுங்கள். எடுத்த தொகையையும் நிறுத்திவைத்த வாரங்களையும் கணக்குப் பார்த்து அவன் கையில் கொடுங்கள். மொத்தமாக முடியாவிட்டால் எத்தனை தவணை, எந்தெந்த நாள் என்று எழுதிக் கொடுங்கள். உபதேசம் வேண்டாம். ஷூவைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டாம். கொஞ்ச நாள் அவன் தொடர்ந்து ஒளித்துத்தான் வைப்பான். வைக்கட்டும், தேடாதீர்கள். அடம்பிடித்தால் கண்டியுங்கள், விளையாட்டு நேரத்தைக் குறையுங்கள், உடைத்ததைச் சரிசெய்யச் சொல்லுங்கள். வாரக் காசு மட்டும் அதன் நாளில், அவன் கேட்காமலேயே போய்ச் சேர வேண்டும்.

கார்டும் ஆப்பும் இப்போதைக்கு உங்கள் வீட்டுக்கு வேண்டாம். அவற்றில் பலவற்றில் பிள்ளையின் கார்டைப் பெற்றோர் தங்கள் போனிலிருந்தே ஒரே தட்டலில் முடக்கிவிடலாம். அந்த வசதி உங்கள் கையில் இருப்பது இப்போது நல்லதில்லை.

சின்னவளுக்கு 7 வயது போதும், ஆரம்பியுங்கள். கூட்டல் கழித்தல் தெரிகிற வயது. வாரம் ஒருமுறை, சில்லறையாக, எண்ணிப் பார்க்கும்படி கொடுங்கள். முதல் வாரமே முழுதையும் ஏதாவது உதவாத பொம்மையில் தொலைப்பாள். இன்னொரு தடவை கொடுத்து ஈடுகட்டாதீர்கள், சொல்லிக்காட்டவும் செய்யாதீர்கள். அடுத்த வாரம் அதே நாளில் கொடுங்கள்.

அன்புடன்.