தாய்லாந்து அக்லோனிமாவில் இலைப்புள்ளி: மார்த்தாண்டம் நண்பருக்கு

தாய்லாந்திலிருந்து இறக்கிய அக்லோனிமா என்ற அழகு இலைச்செடிகளில், வந்து பத்தே நாளில் இலையில் நீர் கோத்த புள்ளி, சுற்றி மஞ்சள் வளையம், சில செடிகளில் அடித்தண்டு கொழகொழவென்று அழுகி நாற்றம் என்கிறீர்கள். இது பூஞ்சையாகத் தெரியவில்லை, பாக்டீரியா அழுகல்தான். கார்பென்டசிம் பூஞ்சைக்கொல்லி, அதை அடித்தது அதனால்தான் வேலை செய்யவில்லை.

சோதித்துப் பாருங்கள்: புள்ளியும் பச்சையும் சேரும் ஓரத்தில் சிறு துண்டு நறுக்கி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீரில் போடுங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் போல இழை கசிந்தால் பாக்டீரியாவேதான்.

தண்டு அழுகிய செடியை வேரோடு எரித்துவிடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். விலை பார்த்து ஒன்றை வைத்துக்கொண்டால் மொத்தமும் போய்விடும். கத்தியை ஒவ்வொரு செடிக்கும் 70 சதவீத ஸ்பிரிட்டில் முக்குங்கள். மிச்சச் செடிகளுக்கு காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற செம்பு மருந்து, லிட்டர் தண்ணீருக்கு 2.5 கிராம், முதலில் ஒரே செடியில் அடித்து இலை கருகுகிறதா பாருங்கள். இது பரவலைத் தடுக்கும், குணமாக்காது.

தண்ணீர் காலையில், தொட்டி மண்ணில் மட்டும். இலை நனைவதுதான் நோய்க்கு வாகனம்.

அடுத்த முறை ஜனவரி, பிப்ரவரியில் இறக்குங்கள். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு, ஜூனிலும் அக்டோபரிலும் காற்றே ஈரம். இறக்குமதி அனுமதி, தாவர நலச் சான்றிதழ், வேரில் மண் இல்லாமை மூன்றும் கட்டாயம். ஆனால் சான்றிதழ் இருந்தாலும் மறைந்திருக்கும் தொற்று தப்பி வரும். ஆறு வாரம் பழைய செடிகளிலிருந்து தள்ளி, தரைக்கு மேலே மேடையில் வையுங்கள்.