மருந்துச் சாளரம்: கொடுத்துப் பார்த்தால் என்ன?

வாசகர் கேள்விகளுக்கு யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற அரச மருந்தாளர் ஒருவர் பதிலளிக்கும் பகுதி. கொரோனாக் காலத்தில் பரீட்சார்த்தமாகக் கொடுக்கப்பட்ட மருந்துகள் பற்றிப் பல கடிதங்கள் வந்திருப்பதால் இந்த இதழில் இடம் முழுவதும் அவற்றுக்கே.

2020 இல் கனடாவிலிருக்கும் மகன் தொலைபேசியில் அழைத்து, மலேரியாவுக்குக் கொடுக்கும் ஹைட்ரொக்சிகுளோரோகுயின் குளிசையை எப்படியாவது வாங்கி வீட்டில் வைக்கும்படி வற்புறுத்தினான். ஊரடங்கு தளர்த்திய நாளில் நாலு கடை ஏறி இறங்கியும் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் நல்லதா, கெட்டதா?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, உரும்பிராய்

கிடைக்காததே நல்லது, ரீச்சர். கடைக்காரரை இனியாவது மன்னித்துவிடுங்கள்.

அந்தக் குளிசை போலி மருந்து அல்ல. மலேரியாவுக்கும், மூட்டுவாதத்துக்கும், லூபஸ் என்ற நோய்க்கும் நெடுங்காலமாகக் கொடுக்கப்படுவது. ஆய்வுகூடத்து உயிர்க்கலங்களில் வைரசை அது தடுத்ததால் நம்பிக்கை பிறந்தது. 2020 மார்ச்சில் பிரான்சின் மார்செய் நகரத்திலிருந்து 36 நோயாளிகளை வைத்து ஒரு கட்டுரை வந்தது. உலகம் அதைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கட்டுரையை ஆறுதலாக வாசித்தவர்கள் ஒன்றைக் கண்டார்கள். குளிசை பெற்றவர்களில் ஆறு பேர் கணக்கிலிருந்து விடப்பட்டிருந்தார்கள். அவர்களில் மூவர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனவர்கள், ஒருவர் இறந்தவர். மோசமானவர்களை விட்டுவிட்டு எண்ணினால் எந்த மருந்தும் நல்ல மருந்துதான். 2024 டிசெம்பரில் அந்தக் கட்டுரை மீளப்பெறப்பட்டது.

அமெரிக்க மருந்து அதிகார சபை 2020 மார்ச் 28 இல் அவசர அனுமதி கொடுத்து, ஜூன் 15 இல் அதை இரத்துச் செய்தது. பிரித்தானியாவில் நடந்த ‘ரிக்கவரி’ ஆய்வில் 1,561 பேருக்குக் குளிசை கொடுத்தார்கள். 3,155 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். 28 நாட்களுக்குள் குளிசை பெற்றவர்களில் நூற்றுக்கு 27 பேரும் பெறாதவர்களில் 25 பேரும் இறந்தார்கள். பயன் இல்லை என்பது அதோடு முடிந்த விடயம். சிலருக்கு இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடிய மருந்தும் அது. மேசை இலாச்சியில் வைத்துக்கொண்டு, காய்ச்சல் கண்டவுடன் விழுங்குகிற பொருள் அல்ல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் மகனைப் போல உலகமெங்கும் பிள்ளைகள் பெற்றோருக்காக அலைந்தபோது, அந்தக் குளிசையை நாளாந்தம் விழுங்கியே எழுந்து நடக்கிற மூட்டுவாத நோயாளிகளுக்குப் பல நாடுகளில் அது தட்டுப்பாடாகிவிட்டது. எனக்குத் தெரிந்த ஒரு அம்மா கிளினிக் கொப்பியைக் கையில் பிடித்தபடி தனியார் மருந்தகங்களுக்கு நடந்தார். உங்களுக்குப் பயன்படாத ஒன்று அவருக்கு இல்லாமல் போயிற்று.

‘ரிக்கவரி’ போன்ற ஆய்வுகளில் மூச்சுத்திணறிக் கிடப்பவர்களைச் சீட்டுப் போட்டுப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மருந்து கொடுத்து மற்றவர்களுக்குக் கொடுக்காமல் விட்டார்கள். உயிர் போகிற நேரத்தில் இது கொடுமை அல்லவா? கையில் இருப்பதை எல்லாருக்கும் கொடுத்துப் பார்த்தால் என்ன?
— பல்கலைக்கழக மாணவி, திருநெல்வேலி

உமது கோபம் எனக்குப் பிடித்திருக்கிறது, பிள்ளை. ஆனால் அந்தக் கோபத்தில் ஒரு முடிவு முன்கூட்டியே ஒளிந்திருக்கிறது: கையில் இருப்பது நன்மை செய்யும் என்ற முடிவு. அது தெரியாததனால்தானே சீட்டுப் போட வேண்டி வந்தது? மருந்து கிடைக்காதவர்கள் கைவிடப்பட்டவர்களும் அல்லர். ஒட்சிசன், தாதியர் கவனிப்பு, மற்ற மருந்துகள் எல்லாம் இரு பகுதியினருக்கும் ஒன்றுதான்.

எதற்குச் சீட்டு? வைத்தியர் தன் விருப்பப்படி பிரித்தால், பிழைப்பார் என்று தோன்றுகிறவருக்குப் புது மருந்தைக் கொடுப்பார். அல்லது இரக்கப்பட்டு மிக மோசமானவருக்குக் கொடுப்பார். இரண்டிலும் கடைசியில் மருந்தின் பலன் தெரியாது, வைத்தியரின் மனம்தான் தெரியும். கலியாணப் பேச்சு இழுபடும்போது நம் வீடுகளில் கோவிலில் பூக்கட்டிப் பார்ப்பார்களே, மாமாவின் விருப்பமும் மாமியின் விருப்பமும் முடிவுக்குள் புகாமல் இருப்பதற்காக, ஏறக்குறைய அதுதான் இது.

தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக் காலத்தில், கொழும்பிலிருந்து கப்பலில் மருந்து வரும்வரை காத்திருந்த ஒரு மருந்தறையில் வேலை செய்தவன் நான். இருப்பது சிலருக்கு, சாளரத்தின் முன் நிற்பது பலர். அங்கே யாருக்கு மருந்து என்பதைத் தீர்மானித்தது பல நாட்களில் முகத்தாட்சண்யம். அதைப் பார்த்தவனுக்குச் சீட்டு கொடுமையாகத் தெரியாது. 1948 இல் வெளியான காசநோய் ஆய்வும் இப்படித்தான் பிறந்தது. போர் முடிந்த பிரித்தானியாவில் எல்லாருக்கும் போதிய அளவு ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்தை வாங்க வழியில்லை. இருந்ததை மூடிய உறைகளுக்குள் இருந்த சீட்டின்படி 55 பேருக்குக் கொடுத்தார்கள். 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் முதல் பகுதியில் 4 பேரும் இரண்டாவதில் 14 பேரும் இறந்திருந்தார்கள். மருந்தின் பலன் கண்ணுக்குத் தெரிந்தது.

இனி கொரோனாவுக்கு வருகிறேன். டெக்சாமெதசோன் என்றொரு ஸ்டெரொய்ட் குளிசை இருக்கிறது. 1950களில் உருவாக்கப்பட்டது, மலிவானது. நம்முடைய அரச வைத்தியசாலை மருந்தறைகளில் எப்போதும் ஏதாவது ஒரு தட்டில் இருக்கும். ஒவ்வாமைக்கும் மூளை வீக்கத்துக்கும் நானே எத்தனையோ முறை எண்ணிக் கொடுத்திருக்கிறேன். 2020 தொடக்கத்தில் இதைக் கொரோனாவுக்குக் கொடுப்பதா இல்லையா என்று வைத்தியர்களுக்குள் பிரிவு. நோய் எதிர்ப்பைத் தணிக்கிற மருந்து வைரசுக்கு வசதி செய்துவிடும் என்று ஒரு கட்சி. ஆய்வுகளுக்கு வெளியே வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் அப்போது சொல்லியிருந்தது.

ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் பீற்றர் ஹோர்பியும் மார்ட்டின் லாண்ட்றேயும் 2020 மார்ச்சில் ‘ரிக்கவரி’யைத் தொடங்கினார்கள். 170க்கும் மேற்பட்ட வைத்தியசாலைகள் சேர்ந்தன. படிவம் சுருக்கமானது, களைத்துப்போன இளம் வைத்தியரும் இரவுக் கடமையில் நிரப்பக்கூடியது. இந்த ஆய்வின் உண்மையான கெட்டித்தனம் அதில்தான் இருந்தது என்பேன். 2,104 பேருக்கு நாளுக்கு 6 மில்லிகிராம் வீதம் பத்து நாள் வரை டெக்சாமெதசோன். 4,321 பேருக்கு வழக்கமான சிகிச்சை. ஜூன் 16 இல் முடிவு வந்தது. செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தவர்களில், வழக்கமான சிகிச்சை பெற்ற நூறு பேரில் 41 பேர் இறந்த இடத்தில் டெக்சாமெதசோன் பெற்றவர்களில் 29 பேர் இறந்தார்கள். ஒட்சிசன் மட்டும் தேவைப்பட்டவர்களில் 26 என்பது 23 ஆனது.

மூன்றாவது பிரிவைக் கவனியும். ஒட்சிசனே தேவைப்படாதவர்களில் குளிசை இல்லாமல் இறந்தவர்கள் நூற்றுக்கு 14, குளிசையோடு 18. அங்கே நன்மை இல்லை. கணக்கு தீமைப் பக்கம்தான் சாய்ந்தது. முதல் நாட்களில் வைரஸ் பெருகுகிறது, அப்போது உடலின் எதிர்ப்பு நமக்கு வேண்டும். பிந்திய நாட்களில் அந்த எதிர்ப்பே எல்லை மீறி நுரையீரலை வீங்கச் செய்கிறது, அப்போது அதைத் தணிக்க வேண்டும். ஒரே குளிசை, ஒரே நோய், நாலைந்து நாள் வித்தியாசம். நீர் கேட்டபடி எல்லாருக்கும் கொடுத்திருந்தால், பிழைத்தவர்களையும் இறந்தவர்களையும் ஒரே கும்பலாகக் கலந்து பார்த்துவிட்டு இன்றும் வாதாடிக்கொண்டிருப்போம்.

கற்பனையாகச் சொல்லவில்லை. அமெரிக்காவில் குணமானவர்களின் குருதித் திரவவிழையத்தை (பிளாஸ்மா) பல்லாயிரம் நோயாளிகளுக்கு ஏற்றினார்கள், ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு பகுதியினர் இல்லாமல். உதவியதா என்று அதை வைத்து உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சீட்டுப் போட்டுப் பிரித்த ‘ரிக்கவரி’ 11,558 பேரில் பதில் கண்டது: ஏற்றியவர்களிலும் ஏற்றாதவர்களிலும் நூற்றுக்கு 24 பேர் இறந்தார்கள். அத்தனை ஆயிரம் பேருக்கு ஏற்றியும் ஒன்றும் அறியாமல் போனதுதான், பிள்ளை, எனக்குக் கொடுமையாகப் படுகிறது.

ஐவர்மெக்டின் மலிவு மருந்து என்பதால் பெரிய கம்பனிகள் அதை அமுக்கிவிட்டன என்று வெளிநாட்டிலிருந்து வந்த காணொளிகளில் பார்த்தேன். உண்மையா?
— கடை உரிமையாளர், கரவெட்டி

மலிவு மருந்தை அமுக்குவார்கள் என்றால், முதலாளி, டெக்சாமெதசோனை எப்படி விட்டுவைத்தார்கள்? அதைவிட மலிவானதைத் தேடிப் பிடிப்பது கஷ்டம்.

ஐவர்மெக்டின் ஒட்டுண்ணிகளைக் கொல்லும் மதிப்புக்குரிய மருந்து. ஆபிரிக்காவில் ஆற்றுக்குருடு நோயிலிருந்து எண்ணற்றவர்களின் கண்களைக் காத்தது. அதைக் கண்டறிந்த வில்லியம் கம்பெல், சதோஷி ஓமுரா இருவருக்கும் 2015 இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. சிரங்குக்கும் கொடுப்பார்கள். 2020 ஏப்ரலில் அவுஸ்திரேலியாவில் ஆய்வுகூடக் கலங்களில் அது கொரோனா வைரசைத் தடுத்தது. ஆனால் அந்தத் தட்டில் இருந்த செறிவு, வழக்கமான அளவு குளிசை விழுங்கிய மனிதரின் குருதியில் வருவதைவிடப் பல மடங்கு அதிகம். மிகப் பெரிய பலன் காட்டிய எகிப்திய ஆய்வொன்று, தரவில் கோளாறுகள் வெளிப்பட்டு, 2021 ஜூலையில் விலக்கப்பட்டது. பிரேசிலில் 1,358 பேரிடம் முறையாகச் செய்த ஆய்வு 2022 மார்ச்சில் வெளியானது. வைத்தியசாலையில் சேர வேண்டிய நிலையை அது குறைக்கவில்லை. இதற்கிடையில் அமெரிக்காவில் குதிரைக்கும் மாட்டுக்கும் விற்கிற ஐவர்மெக்டினைச் சிலர் விழுங்கத் தொடங்கி, நீங்கள் குதிரை அல்ல என்று மருந்து அதிகார சபையே எழுத வேண்டி வந்தது.

கம்பனிகள் புண்ணியவான்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு மருந்தின் விலையைப் பார்த்து அதன் பலனை ஊகிக்க முடியாது என்கிறேன்.

ரெம்டெசிவிருக்காகத் தமிழ்நாட்டில் இருக்கும் என் மைத்துனர் 2021 இல் பெரும் பணம் கொடுத்தார். வீண்தானா?
— வாசகர், நல்லூர்

முழுக்க வீண் என்று சொல்ல மாட்டேன். எபோலா என்ற கொடிய வைரஸ் நோய்க்காக முயன்று, கொங்கோவில் வேறு இரண்டு மருந்துகளிடம் தோற்ற மருந்து அது. கொரோனாவில் ஓர் ஆய்வு, குணமாகும் நாட்களை 15 இலிருந்து 10 ஆகக் குறைத்ததாகக் காட்டியது. உலக சுகாதார நிறுவனம் 30 நாடுகளில் நடத்திய ‘சொலிடாரிட்டி’ ஆய்வு 2020 ஒக்டோபரில், மரணத்தைக் குறைத்ததாகத் தெரியவில்லை என்றது. நோயின் தொடக்க நாட்களில் கொடுத்தால் வைத்தியசாலைப் படுக்கை தவிர்க்கப்படுகிறது என்பது பின்னர் தெரிந்தது. மூச்சு முட்டிய பிறகு கறுப்புச் சந்தையில் தேடியவர்களுக்கு அந்தக் காலம் கடந்திருந்தது. மைத்துனரிடம் இதை இப்போது எடுத்துச் சொல்ல வேண்டாம்.

கேகாலைப் பாணியை நம்பி ஏமாந்தோம். அப்படியென்றால் நம்முடைய கொத்தமல்லிக் குடிநீரும் ஏமாற்றா?
— குடும்பத் தலைவி, சாவகச்சேரி

கொத்தமல்லியை எதற்கு அம்மா அந்தக் கூட்டத்தில் சேர்க்கிறீர்கள்? தொண்டைக்கு இதமானது, நானும் குடிக்கிறேன், யாரும் அதற்கு வரிசையில் நின்று நோய் வாங்கவில்லை. 2020 டிசெம்பரில் கேகாலையில், கொரோனாவைத் தடுக்கும் என்று சொல்லப்பட்ட, தேனும் சாதிக்காயும் கலந்த பாணிக்கு ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து நின்றார்கள். அப்போதைய சுகாதார அமைச்சர் பகிரங்கமாகக் குடித்துக் காட்டினார். 2021 ஜனவரியில் அவருக்கே கொரோனாத் தொற்று உறுதியானது.

நாட்டு மருந்து என்பதற்காக நான் சிரிக்கவில்லை. மார்செய்க் குளிசையும் கேகாலைப் பாணியும் ஒரே குற்றத்தைத்தான் செய்தன: சீட்டுப் போட்டு ஒப்பிட்டுப் பார்க்குமுன்பே நம்பச் சொன்னது. கைதடியில் நம் பல்கலைக்கழகத்துச் சித்த மருத்துவம் இருக்கிறது. ஒரு குடிநீரை அங்கே சீட்டுப் போட்டுப் பிரித்து ஒப்பிட்டு, பலன் இருக்கிறது என்று காட்டினால், முதலில் கை தட்டுகிறவன் நானாக இருப்பேன்.

வைத்தியசாலையில் இப்படி ஓர் ஆய்வில் சேரச் சொன்னால் கையெழுத்து வைக்கலாமா?
— நீரிழிவு நோயாளி, மானிப்பாய்

வைக்கலாம், கேட்ட பிறகு. ஒழுக்கநெறிக் குழு அனுமதித்ததா? இலங்கை மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிந்ததா? இடையில் விலகினால் வழக்கமான சிகிச்சை தொடருமா? தீங்கு வந்தால் பொறுப்பு யாருடையது? இவற்றுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறவரிடம் பயமில்லாமல் சேருங்கள்.

படிவம் தமிழில் இல்லாவிட்டால் திருப்பிக் கொடுங்கள். தமிழில் எழுத முடியாது என்று யாராவது சொன்னால் உங்கள் ஊரையே காட்டுங்கள். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, நூல்களையும் தமிழில் ஆக்கினார். அவரால் உடற்கூற்றியல் முழுவதையும் தமிழில் தர முடிந்தது. இவர்களால் இரண்டு பக்கப் படிவத்தைத் தர முடியாதா?

அப்பாவுக்குக் கொரோனா வந்தபோது எழுதிக் கொடுத்த டெக்சாமெதசோன் மிச்சம் இருக்கிறது. அடுத்த காய்ச்சலுக்கு உதவுமா?
— வாசகி, கொக்குவில்

உதவாது. ஏன் என்பதைத் திருநெல்வேலிப் பிள்ளைக்கு எழுதியதில் படியுங்கள். அப்பாவுக்கு நீரிழிவு இருந்தால் சர்க்கரையையும் ஏற்றிவிடும். 2021 இல் இந்தியாவில் பரவிய கறுப்புப் பூஞ்சை நோய்க்குக் கட்டுப்படாத நீரிழிவும் கணக்கில்லாத ஸ்டெரொய்டும் சேர்ந்ததே பெரிய காரணமாகக் காட்டப்பட்டது. மிச்சத்தைக் கிணற்றடியிலோ மலசலகூடத்திலோ கொட்டாதீர்கள். நம் நிலத்தின் சுண்ணாம்புக்கல் வழியே போவதெல்லாம் கடைசியில் குடிக்கிற தண்ணீரில்தான் சேரும். பக்கத்து வைத்தியசாலை மருந்தறையில் கொடுத்து, அழிக்கச் சொல்லுங்கள். வைத்தியர் எழுதிய துண்டு இல்லையே என்று தயங்க வேண்டாம், திருப்பிக் கொடுக்கத் துண்டு தேவையில்லை.